வேகமும் வேண்டும், டிக்கியும் வேண்டும், தள்ளுபடியும் வேண்டும்

குடும்பக் காரில் கொஞ்சம் வேகமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மீது ஷோரூம்காரர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. வெறும் குடும்பக் கார் வாங்க வருபவர் கணக்கோடு வருவார், டிக்கி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுவார். வெறும் ஸ்போர்ட்ஸ் கார் கேட்டு வருபவரிடம் விலைப் பேச்சே பெரிதாக எழாது. இரண்டும் கலந்த கார் வேண்டும் என்பவர் மனதில் ஆசையை வைத்துக்கொண்டு வாயில் கணக்குப் பேசுவார். அந்த ஆசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று விற்பவர் கண்டுபிடித்துவிட்டால் பேரம் அங்கேயே பாதி முடிந்தது.

எங்கள் வீட்டில் ஆசை என்னுடையது, கணக்கு கணவருடையது. வண்டியை அதிகம் ஓட்டுவது நான். டர்போ எஞ்சின், இறுக்கமான ஸ்டீயரிங், வளைவில் சாயாத உடம்பு, இதெல்லாம் நான் கேட்டவை. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் சண்டையில்லாமல் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. ஆனால் போன இடமெல்லாம் இதைத் தலைகீழாகவே புரிந்துகொண்டார்கள். "சார், இதுல லாஞ்ச் கண்ட்ரோல் இருக்கு" என்று அவரிடம் ஆரம்பித்து, "மேடம், கை வைக்காமலே டிக்கி திறக்கும், காலை இப்படி ஆட்டினாப் போதும்" என்று என்னிடம் முடிப்பார்கள். எஞ்சினின் டார்க், அதாவது சுழல்விசை, எத்தனை ஆர்பிஎம்மில் வருகிறது என்று நான் கேட்டால் பதில் அவர் முகத்தைப் பார்த்து வரும். எரிச்சல்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் இதில் ஒரு லாபம் இருப்பது புரிந்தது: ஆசையே இல்லாத மனிதரிடம் ஆசையைத் தூண்டிக்கொண்டிருந்தார்கள், அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டாவிக்கு நல்ல மதிப்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தள்ளுபடி என்ற சொல்லே விற்பவர் வாயில் வந்தது.

இதைச் சும்மா சிரித்துவிட்டுக் கடந்துவிடவும் முடியாது. இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இருவர் சிகாகோ பகுதியில் புதிய கார் விற்பவர்களிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஆண், பெண், வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் ஒரே மாதிரி பேசவும் ஒரே மாதிரி பேரம் பேசவும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். குறைந்த விலை சொல்லப்பட்டது வெள்ளை ஆண்களுக்கு. பெண்களுக்கு அதைவிடக் கூட, கறுப்பின ஆண்களுக்கு எல்லோரையும்விடக் கூட. பேச்சு ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான், ஆள் மட்டும் வேறு. சாமர்த்தியமாகப் பேசினால் விலை இறங்கும் என்று நாம் நம்புகிறோம். ஆளைப் பார்த்ததுமே விலை எங்கிருந்து இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்பதை எதிர்ப்பக்கம் முடிவு செய்துவிடுகிறது.

எனவே முதல் விலையை முகம் காட்டாமல் வாங்குவது நல்லது. நான் செய்தது அதுதான். எந்த மாடல், எந்த வேரியன்ட், எந்த நிறம், எந்த கியர்பாக்ஸ் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதே பிராண்டை விற்கும் பல டீலர்களுக்கு ஒரே செய்தியை எழுத்தில் அனுப்பினேன். 'எல்லாம் சேர்த்து, சாவி கையில் வரும்வரை ஆகும் மொத்த விலை என்ன? வண்டி விலை, வரி, பதிவு, காப்பீடு, மற்றவை என்று தனித்தனி வரியாகப் பிரித்து அனுப்பவும்.' சிலர் உடனே போன் செய்து "நேர்ல வாங்க மேடம், நல்லா பண்ணித் தர்றோம்" என்பார்கள். எழுத்தில் வராத விலையை நான் விலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிரித்து அனுப்பியவர்களின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தமாஷாக இருந்தது. வண்டி விலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் முழுக்கக் கீழ்வரிகளில்தான்: 'ஹேண்ட்லிங்', 'எசென்ஷியல் கிட்', 'பாதுகாப்புப் பூச்சு'. ஒரு தாளில் 'இதர' என்று ஒரே வரி இருந்தது, அதற்கு எதிரே கணிசமான ஒரு தொகை.

முதல் எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் காகிதத்தில் 'கேட்கும் விலை'யை மட்டும் மாற்றினார்கள். தொழிலே அதுவாக இருந்தவர்கள்கூடக் கேட்கும் விலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே மதிப்புப் போட்டார்கள், கேட்டபோது அந்த விலையைப் பார்த்து முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், வாழ்நாளில் நாலைந்து கார் வாங்குகிற நமக்கு ஷோரூம் சுவரில் தொங்கும் விலை என்ன செய்யும்? அந்த விலையிலிருந்து எவ்வளவு குறைத்தார்கள் என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. வேறு டீலர் எழுதிக்கொடுத்த குறைந்த விலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எந்த 'ஸ்போர்ட்டி'யை வாங்குகிறோம்? இதில்தான் நிறையப் பேர் காசைக் கொட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நிஜமாகவே வேறு எஞ்சின், வேறு பிரேக், வேறு சஸ்பென்ஷனோடு வருவது: கோல்ஃப் ஜிடிஐ, சிவிக் டைப் ஆர், ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி. இன்னொன்று ஸ்போர்ட்டி உடுப்பு: எஸ் லைன், ஆர் லைன், ஜிடி லைன், எம் ஸ்போர்ட், என் லைன் என்று பெயர்கள் வரும். இவற்றில் பெரும்பாலும் எஞ்சின் சாதா மாடலில் இருக்கும் அதே எஞ்சின்தான். பம்பர், சீட், ஸ்டீயரிங், பெரிய சக்கரம், சில சமயம் கொஞ்சம் இறுக்கிய ஸ்பிரிங். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. பேரத்தில் இரண்டும் வேறு வேறு சரக்கு என்பதுதான் விஷயம். முதல் வகை குறைவாகத்தான் வரும், கேட்பவர் அதிகம், அறிமுகமான புதிதில் தள்ளுபடி கேட்டால் சிரிப்பார்கள். இரண்டாம் வகை நிறைய வரும், அதில் பேச நிறைய இடம் இருக்கிறது. உடுப்பு வகையை நிஜ வகையின் கெத்தோடு விற்பதுதான் ஷோரூமின் திறமை. 'லிமிடெட்' என்பார்கள். எத்தனை வண்டி ஸ்டாக்கில் நிற்கிறது என்று கேளுங்கள், லிமிடெட் எவ்வளவு லிமிடெட் என்று தெரிந்துவிடும்.

இந்த வேகக் குடும்பக் கார் இனமே பேராசையில் பிறந்ததுதான். 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதல் கோல்ஃப் ஜிடிஐயைக் காட்டியபோது 5,000 வண்டி விற்றால் போதும் என்பது ஃபோக்ஸ்வாகன் போட்ட கணக்கு. 110 குதிரைத்திறன், அதுவும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற பெட்டி வண்டியில். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது. 1994-ல் ஆடி, போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 என்று ஒரு எஸ்டேட், அதாவது பின்பக்கம் நீண்ட கார், செய்தது. பின்னால் சாமான் ஏற்றலாம், முன்னால் 315 குதிரைத்திறன். அந்த மாதிரி வண்டிகளைப் பற்றிப் படித்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. ஷோரூமில் இதைப் பற்றியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் என் தலையில் விலை ஒட்டிவிடுவார்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதா மாடலில் 205/55 ஆர்16 டயர் என்றால் ஸ்போர்ட்டி வேரியன்டில் 235/40 ஆர்18 வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது எண் டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவதில் சுமார் 113 மில்லிமீட்டர் ரப்பர், இரண்டாவதில் 94. குழியில் இறங்கும்போது அந்த 19 மில்லிமீட்டர் எங்கே போனது என்று ரிம்முக்குத் தெரியும். டயர் மாற்றும் நாளில் பர்ஸுக்கும் தெரியும். சின்னச் சக்கரத்தோடு அதே எஞ்சின் கிடைத்தால் அதுதான் என் தேர்வு; கிடைக்காவிட்டால் பெரிய டயரின் விலையை முன்பே விசாரித்து அதையும் மனதில் வைத்துத்தான் பேச வேண்டும். காப்பீடும் அப்படியே, திறன் கூடக் கூடப் பிரீமியமும் ஏறக்கூடும்.

டெஸ்ட் டிரைவுக்குக் குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போனோம். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லா வண்டியிலும் இருக்கிறது என்று பிரௌஷரில் போட்டிருக்கும், ஆனால் ஒரு வண்டியில் அந்தக் கொக்கி தடித்த மெத்தைக்குள் புதைந்திருந்தது, விரலை விட்டுத் தேட வேண்டியிருந்தது. பின்பக்கம் பார்க்கும் சீட்டை மாட்டினால் முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டோம். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. வியர்க்க வியர்க்கக் குழந்தை சீட் மாட்டுகிற பெண்மணிக்கு இந்த வண்டியின் மீது காதல் இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது மேசைக்கு வருவோம். அமெரிக்க டீலர்களிடம் 'ஃபோர் ஸ்கொயர்' என்று ஒரு பழைய முறை உண்டு. ஒரு தாளை நாலு கட்டமாகப் பிரித்து, ஒன்றில் வண்டி விலை, ஒன்றில் நம் பழைய வண்டியின் மதிப்பு, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை என்று எழுதுவார்கள். தாள் இல்லாத இடத்திலும் முறை அதுதான். நாம் வண்டி விலையைக் குறைக்கச் சொன்னால் பழைய வண்டியின் மதிப்பு குறையும். அதைக் கூட்டச் சொன்னால் தவணைக் காலம் நீளும். தவணை அதிகம் என்றால், "சரி மேடம், அஞ்சு வருஷத்தை ஏழா மாத்திடலாம், மாசம் எவ்வளவு குறையுது பாருங்க" என்பார்கள். ஒவ்வொரு முறையும் நாம் கேட்டது கிடைக்கும். பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் உப்புவது போல, மொத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஒரு கட்டம் முடியாமல் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது. "எக்ஸ்சேஞ்ச் இருக்கா மேடம்?" என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பார்கள். "இன்னும் முடிவு பண்ணலைங்க." "லோனா, முழுப் பணமா?" "வண்டி விலை படியட்டும், அப்புறம் பார்க்கலாம்." இதில் 'முழுப் பணம் தருகிறேன், குறைத்துக் கொடுங்கள்' என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல டீலர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து கொடுத்தால் அதிலும் கமிஷன் உண்டு, ஆகையால் ரொக்கம் என்றதும் அவர்கள் முகம் மலரும் என்று எதிர்பார்ப்பது வீண். விலை பேசி முடியும்வரை எப்படிப் பணம் தருவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

கடனில் இரண்டு கணக்குகளைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி என்றால், 100 கடன் வாங்கியவர் மூன்று ஆண்டில் சுமார் 16 வட்டி கட்டுவார், ஐந்து ஆண்டில் 27, ஏழு ஆண்டில் 39. தவணை சின்னதானது உண்மைதான். இன்னொன்று 'ஃபிளாட் ரேட்'. 7 சதவீதம் ஃபிளாட், ஐந்து ஆண்டு என்றால் கேட்க மலிவாக இருக்கும். நாம் அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் வட்டி முழு அசலுக்கும் ஓடுகிறது, எனவே நிஜ வட்டி ஏறத்தாழ 12.5 சதவீதம். வங்கியில் 10 சதவீதம் என்பதைவிட ஷோரூமில் 7 சதவீதம் மலிவு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால் கதை கந்தல். என் கணவர் இதைப் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டியபோது எதிரே இருந்தவர், "சார் பேங்க்ல இருக்கீங்களா?" என்றார். இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

பழைய வண்டியை வெளியில் விற்றோம். டீலர் சொன்ன மதிப்பை எழுதி வாங்கிக்கொண்டு, பழைய கார் வாங்குபவர்கள் சிலரிடமும் விலை கேட்டோம். வெளியில் கொஞ்சம் அலைச்சல் கூட, விலையும் கூட. அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் அந்த வெளிவிலையை டீலரிடம் காட்டினாலே அவர் கொஞ்சம் ஏறி வருவார்.

எப்போது போவது என்பதைப் பற்றி ஊரே பேசுகிறது, மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி என்று. உண்மைதான், தயாரிப்பாளர்கள் டீலருக்கு இலக்கு வைத்து, அதைத் தொட்டால் போனஸ் கொடுக்கிறார்கள். இலக்குக்கு ஒன்றிரண்டு வண்டி குறையும்போது உங்கள் ஒரு வண்டி அவருக்கு அதன் லாபத்தைவிடப் பெரிது. ஆனால் இலக்கை ஏற்கெனவே தொட்டுவிட்டாரா, தொடவே வாய்ப்பில்லையா என்பது நமக்குத் தெரியாது. அதைவிட நம்பத் தகுந்தது நிற்கிற வண்டி. பல டீலர்கள் ஸ்டாக்கையே கடனில்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். வண்டி யார்டில் நிற்க நிற்க வட்டி ஓடும். முகப்பை மாற்றிய ஃபேஸ்லிஃப்ட் மாடல் வரப்போகிறது, யாரும் கேட்காத நிறம், மாடல் ஆண்டு மாறப்போகிறது என்றால் அந்த வண்டியின் மீது பேச இடம் இருக்கிறது. எவ்வளவு நாளாக நிற்கிறது என்று கேட்டால் "இப்பத்தான் மேடம் வந்துச்சு" என்பார்கள். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 3224 என்றால் 2024-ல் 32-ஆவது வாரம் செய்தது. டயர் வண்டியைவிடக் கொஞ்சம் மூத்ததாக இருப்பது சகஜம், ஒரு வருடம் மூத்தது என்றால் கேள்வி கேளுங்கள். வண்டியின் அடையாள எண்ணான, 17 இடங்கள் கொண்ட வின் எண்ணில் பல தயாரிப்பாளர்கள் பத்தாவது இடத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கிறார்கள்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. எங்களுக்குக் காட்டிய வண்டியில் டயரும் வின் எண்ணும் ஒரே கதையைச் சொன்னன, அது விற்பவர் சொன்ன கதை இல்லை. நான் ஒன்றும் வாதாடவில்லை. டயர் பக்கத்தில் குனிந்து போனில் ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பேரம் சீக்கிரமே நகர்ந்தது. வேறு டீலர் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்து, "இதுக்குப் போட முடிஞ்சா இன்னைக்கே புக் பண்றோம் தம்பி" என்றேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் சீரியஸாக இருந்தது.

"மேடம், கேஷ் டிஸ்கவுண்ட் இதுக்கு மேல வராது. பதிலா ஆக்சஸரி பேக் முழுசா ஃப்ரீ பண்ணிடறோம்."

"பேக்கோட விலை என்ன தம்பி?"

சொன்னார்.

"அப்போ பேக் வேண்டாம். அதுல பாதியைப் பணமாக் குறைச்சிடுங்க."

இலவசம் என்று தரும் பொருளுக்கு அவர்கள் சொல்வது எம்ஆர்பி, அடக்கம் அதில் ஒரு பகுதிதான். பணம் குறைத்தால்தான் அது முழுத் தள்ளுபடி. பாதி கிடைக்கவில்லை, ஆனால் முதலில் 'இதுக்கு மேல வராது' என்ற எண்ணுக்கு மேலேயே வந்தது. கேட்பவர் வரிசை நீண்டிருக்கிற நிஜ வேக மாடல் என்றால் இந்த வழி ஓடாது, தயாரிப்பாளரே தள்ளுபடி கூடாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே பொருளாகக் கேட்பதுதான் புத்தி, சர்வீஸ், நீட்டிப்பு வாரண்டி, கூடுதலாக ஒரு ஜோடி டயர். டர்போவும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸும் உள்ள வண்டிக்குத் தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு வாரண்டி எனக்குத் தேவையாகவே பட்டது. அடிப்பக்கத் துருத் தடுப்புப் பூச்சு மட்டும் கடைசிவரை வேண்டாம் என்றேன். தொழிற்சாலையிலேயே மொத்த உடலையும் முக்கி எடுத்து மின்பூச்சுப் பூசித்தான் அனுப்புகிறார்கள்.

புக்கிங் ரசீதில் இரண்டு வரி எழுதச் சொன்னோம்: டெலிவரிக்குள் விலை ஏறினாலும் இந்த விலைதான், வண்டி சொன்ன தேதியைத் தாண்டினால் முன்பணம் முழுதும் திரும்ப. முதலில் தயங்கினார்கள், அப்புறம் சீல் போட்டுக் கொடுத்தார்கள். கடைசித் தொகையைக் கட்டுவதற்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, ரசீதில் இருந்த வின் எண்ணையும் வண்டியில் இருந்ததையும் ஒப்பிட்டு, அதற்குப் பிறகுதான் பணம்.

டெலிவரி எடுத்து வெளியே வந்ததும் வண்டி சின்ன மேட்டுக்கெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. டெஸ்ட் டிரைவில் இப்படி இல்லையே என்று போன் செய்தால், "ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். புது வண்டிகளை லாரியிலும் கப்பலிலும் ஏற்றும்போது டயரில் காற்றை அதிகமாக அடைத்து அனுப்புவார்கள், டெலிவரிக்கு முன் குறைக்க வேண்டும், சில சமயம் மறந்துவிடுவார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 36 பிஎஸ்ஐ என்று இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 44.